ரயிலில் இடம் இல்லை! நடந்தே நாடு சுற்றிய சுப்பிரமணிய சிவா

ஓட்டப்பிடாரத்தில் ஒரு வீடு இருக்கிறது.

தூத்துக்குடிக்கும் கோவில்பட்டிக்கும் நடுவே உள்ள கரிசல் சீமை அது. மழை பெய்தால் மண் காலை விடாது. வெயில் அடித்தால் நிலம் பாளம் பாளமாக வெடிக்கும். பருத்தியும் கம்பும் சோளமும் விளைகிற பூமி. கட்டபொம்மன் ஆண்ட பாஞ்சாலங்குறிச்சி பக்கத்தில்தான்.

அந்த ஊரில்தான் 1872-ம் ஆண்டு செப்டம்பர் 5-ந் தேதி வ.உ.சிதம்பரம் பிள்ளை பிறந்தார். அவர் கப்பல் ஓட்டியதும், சிறையில் செக்கு இழுத்ததும் எல்லோருக்கும் தெரியும். அவருடைய வீடு இன்று நினைவு இல்லமாக இருக்கிறது.

வ.உ.சி.க்கு வெள்ளைக்கார நீதிபதி இரண்டு ஆயுள் தண்டனை கொடுத்தார். ஒன்று, சர்க்காருக்கு விரோதமாகப் பேசியதற்கு. மற்றொன்று எதற்கு?

ஓர் இளைஞரை ஆதரித்ததற்கு!

வீடு தேடி வந்தவருக்குச் சோறு போட்டு, தங்க இடம் கொடுத்து, கூட்டம் பேச மேடையும் கொடுத்தார் வ.உ.சி. அதற்கு 20 வருஷம்!

அந்த இளைஞர்தான் சுப்பிரமணிய சிவா.

பின்னாளில் அதே சிவாவுக்கு ரயிலில் இடம் இல்லை என்று ஆயிற்று. பலர் அவர் பக்கத்தில் வரவே அஞ்சினார்கள். கண்ணுக்குத் தெரியாத ஒரு கிருமி அவரை அந்த நிலைக்குக் கொண்டு வந்தது.

அவருடைய வாழ்க்கை வரலாறு இது. அந்தக் கிருமியை மனிதன் எப்படி வென்றான் என்பதும் இதில் வருகிறது.

வத்தலக்குண்டில் பிறந்தார்

1884-ம் ஆண்டு அக்டோபர் 4-ந் தேதி வத்தலக்குண்டில் பிறந்தார் சிவா. அன்று அது மதுரை ஜில்லா. இன்று திண்டுக்கல் மாவட்டம்.

தகப்பனார் பெயர் ராஜம் அய்யர். குடும்பத்தில் வறுமை. மதுரையில் படித்தார். பிறகு திருவனந்தபுரம் போனார். அங்கே ஊட்டுப்புரையில் இலவசமாகச் சாப்பாடு போடுவார்கள். அந்தச் சோற்றை நம்பித்தான் படிப்பு நடந்தது.

படிக்கும் வயதிலேயே நாட்டு நினைப்பு வந்துவிட்டது. திருவனந்தபுரத்தில் இளைஞர்களைச் சேர்த்து ஒரு சங்கம் வைத்தார். தேசம், விடுதலை என்று பேசினார். சமஸ்தானத்து அதிகாரிகள் விடுவார்களா? ஊரை விட்டுப் போகச் சொல்லிவிட்டார்கள்.

அவர் கலங்கவில்லை. கிழக்கே திரும்பி நடக்கத் தொடங்கினார். வழியில் உள்ள ஊர்களில் எல்லாம் கூட்டம் போட்டுப் பேசினார்.

நடந்து நடந்து 1908-ம் ஆண்டு தொடக்கத்தில் தூத்துக்குடி வந்து சேர்ந்தார். அங்கே வ.உ.சி. இருந்தார்.

கடற்கரையில் ஒரு குரல்

வ.உ.சி. அப்போது பெரிய வக்கீல். 1906-ம் ஆண்டு அக்டோபரில் சுதேசிக் கப்பல் கம்பெனியைப் பதிவு செய்தவர். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் கப்பல் விட்டு வெள்ளைக்காரக் கம்பெனியைத் திணற அடித்தவர்.

அவரை விட சிவா 12 வயது இளையவர். சிவாவின் பேச்சைக் கேட்டதும் வ.உ.சி.க்குப் பிடித்துப் போயிற்று. தம்மோடு வைத்துக் கொண்டார்.

மாலை ஆனால் தூத்துக்குடிக் கடற்கரையில் கூட்டம் சேரும். வ.உ.சி. பேசுவார். சிவா பேசுவார். சிவா பேச்சில் நெருப்புப் பறக்கும் என்று ஊர் சொல்லும்.

1908 பிப்ரவரி 27-ந் தேதி தூத்துக்குடி கோரல் மில்லில் வேலை நிறுத்தம் தொடங்கியது. கூலி குறைவு. வேலை நேரம் அதிகம். வாரத்துக்கு ஒரு நாள் கூட ஓய்வு இல்லை. வ.உ.சி.யும் சிவாவும் தொழிலாளருக்குத் துணை நின்றார்கள். முதலாளிகள் இறங்கி வந்தார்கள். கூலி உயர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை விடுமுறை கிடைத்தது.

சர்க்கார் இனியும் பொறுக்குமா? மார்ச் 12-ந் தேதி இருவரையும் கைது செய்தது.

மறுநாள் திருநெல்வேலி கொதித்தது. கடைகள் அடைக்கப்பட்டன. மக்கள் தெருவில் திரண்டார்கள். போலீஸ் சுட்டது. நான்கு பேர் மாண்டார்கள்.

ஜூலை 7-ந் தேதி நீதிபதி பின்ஹே தீர்ப்புச் சொன்னார். வ.உ.சி.க்கு இரட்டை ஆயுள் தண்டனை. சிவாவுக்குப் பத்து வருஷம். அப்போது சிவாவுக்கு வயது 23.

மேல் கோர்ட்டில் தண்டனைகள் குறைந்தன. சிவாவுக்கு ஆறு வருஷம் ஆயிற்று.

சிறையில் தெரிந்த நோய்

சிவா திருச்சி, சேலம் சிறைகளில் இருந்தார். கடும் வேலை. மட்டமான சாப்பாடு. உடம்பு இளைத்தது.

அங்கேதான் உடம்பில் நோய் வெளிப்பட்டது. தொழு நோய்!

அந்தக் காலத்தில் அதைக் குஷ்டம் என்பார்கள். பெயரைச் சொல்லவே பயப்படுவார்கள். பெரு வியாதி என்று மறைத்துச் சொல்வார்கள். முற்பிறவிப் பாவம் என்பார்கள். கடவுள் கொடுத்த சாபம் என்பார்கள்.

பாவமும் இல்லை, சாபமும் இல்லை. அது ஒரு கிருமி. சிவா பிறப்பதற்கு 11 ஆண்டுகளுக்கு முன்பே, 1873-ல் நார்வே நாட்டு டாக்டர் ஹான்சன் அதைக் கண்டு பிடித்து விட்டார்.

இந்தக் கிருமி மிகவும் மெதுவானது. சாதாரணக் கிருமி ஒன்று இரண்டாகப் பெருக அரை மணி நேரம் கூட ஆகாது. தொழு நோய்க் கிருமி ஒன்று இரண்டாவதற்கு ஏறக்குறைய இரண்டு வாரம் வேண்டும்!

அதனால் கிருமி உள்ளே நுழைந்ததும் நோய் தெரியாது. சுமார் ஐந்து வருஷம் கழித்துத் தெரியும். சிலருக்கு இருபது வருஷம் கூட ஆகும். விதைத்த நாளை மறந்த பிறகு முளைக்கிற விதை மாதிரி!

முதலில் தோலில் வெளிறிய தேமல், அல்லது சிவந்த தேமல். அரிக்காது. வலிக்காது. கிள்ளினால் உணர்ச்சி இராது. அதுதான் அடையாளம்.

வலிக்காததால் யாரும் கவலைப்படுவதில்லை. அதற்குள் கிருமி நரம்பைத் தாக்கும். கையும் காலும் மரத்துப் போகும். அடுப்பில் கை பட்டாலும் தெரியாது. முள் குத்தினாலும் தெரியாது. புண் ஆகும். புண் புரை ஓடும். அப்படித்தான் விரல்கள் குறைந்து போகின்றன. கிருமி நேரே விரலைத் தின்பதாக நினைப்பது தவறு.

தொட்டால் ஒட்டிக் கொள்ளும் என்பதும் தவறு. நூறு பேரில் 95 பேருக்கு மேல் இந்தக் கிருமியை எதிர்க்கும் சக்தி இயற்கையாகவே இருக்கிறது. மருந்து சாப்பிடாத நோயாளியோடு நீண்ட நாள் நெருங்கிப் பழகினால்தான் பரவ வழி உண்டு.

இதெல்லாம் அன்று ஊருக்குத் தெரியாது. கைதிக்கும் தெரியாது.

தெரிந்தாலும்தான் என்ன செய்வது? மருந்து இல்லையே!

நீரடிமுத்து எண்ணெய் ஒன்றுதான் அன்றைய மருந்து. குடிக்கக் கொடுப்பார்கள். குமட்டிக் கொண்டு வரும். பிறகு ஊசியாகவும் போட்டார்கள். சிலருக்குக் கொஞ்சம் குணம் தெரிந்தது. நோயை வேரோடு எடுக்க அதனால் முடியவில்லை.

வெளியே வந்தார்

1912 நவம்பரில் சிவா விடுதலையானார். டிசம்பரில் வ.உ.சி. விடுதலையானார்.

ஒருவர் கப்பலை இழந்து வந்தார். மற்றவர் உடம்பை இழந்து வந்தார்.

1961-ல் வந்த கப்பலோட்டிய தமிழன் படத்தைப் பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும். சிவாஜி கணேசன் வ.உ.சி.யாக நடித்தார். டி.கே.சண்முகம் சிவாவாக நடித்தார். சிறையில் இருந்து வெளியே வரும் வ.உ.சி.யின் முன்னால் நோயால் உருமாறிய சிவா வந்து நிற்கும் கட்டத்தில் கொட்டகையே அழுதது.

நோய் வந்து விட்டது. இனி ஒதுங்கிக் கிடப்போம் என்று சிவா நினைத்தாரா? இல்லை!

1913-ல் சென்னையில் ஞானபானு என்ற மாதப் பத்திரிகையைத் தொடங்கினார். புதுச்சேரியில் மறைந்து வாழ்ந்த பாரதியார் அதில் எழுதினார். வ.உ.சி.யும் எழுதினார். பாரதியார் கோவில்பட்டிக்கு அருகே உள்ள எட்டயபுரத்துக்காரர் அல்லவா? ஓட்டப்பிடாரமும் எட்டயபுரமும் வத்தலக்குண்டும் ஒரே பத்திரிகையில் சேர்ந்தன!

பிற மொழிச் சொல் கலவாமல் தமிழ் எழுதுவோருக்கு ஐந்து ரூபாய் பரிசு என்று சிவா அந்தப் பத்திரிகையில் அறிவித்தார். கையில் காசு இல்லாத மனிதர் கொடுத்த பரிசு அது. அன்று ஐந்து ரூபாய் பெரிய பணம்.

1915-ல் மனைவி மீனாட்சி அம்மாள் இறந்து போனார். அடுத்த ஆண்டு ஞானபானுவும் நின்றது. நோயோ வளர்ந்து கொண்டே இருந்தது.

1921-ல் சிவா காவி உடுத்தார். சுதந்திரானந்தர் என்று பெயர் வைத்துக் கொண்டார். சாமியார் ஆனவர் அரசியலை விடவில்லை. அதே ஆண்டில் மறுபடியும் கைதானார். இரண்டரை வருஷம் தண்டனை. நோய் முற்றி இருந்ததால் 1922-ல் அவரை வெளியே விட்டு விட்டார்கள்.

ரயிலில் இடம் இல்லை

சிவாவின் வாயை அடைக்க சர்க்காருக்கு ஒரு வழி கிடைத்தது. அதுதான் அவருடைய நோய்.

தொழு நோய் உள்ளவர் ரயிலில் ஏறக் கூடாது என்று தடுத்தார்கள். ஊர் ஊராகப் போய்ப் பேசுகிறவருக்கு ரயில் இல்லை என்றால் கை கால்களைக் கட்டிப் போட்டது மாதிரிதானே?

அக்காலத்தில் தொழு நோயாளிகளுக்கு எதிராகச் சட்டமே இருந்தது. 1898-ம் ஆண்டுச் சட்டம் அது. பிச்சை எடுக்கும் தொழு நோயாளியைப் பிடித்து அடைக்கலாம். அவர்கள் உணவுப் பண்டம் விற்கக் கூடாது. பொதுக் குளத்தில் குளிக்கக் கூடாது. இப்படி எல்லாம் தடை போட அந்தச் சட்டம் இடம் கொடுத்தது. அது நீக்கப்பட்டது எப்போது தெரியுமா? 2016-ல்! சுதந்திரம் வந்து 69 ஆண்டுகள் கழித்து!

கணவனுக்கோ மனைவிக்கோ தொழு நோய் என்றால் விவாகரத்துக் கேட்கலாம் என்ற விதியும் 2019 வரை இருந்தது.

ரயில் கதவு மூடியது. சிவா என்ன செய்தார்?

நடந்தார்!

மரத்துப் போன கால்கள். புண் ஆறாத கால்கள். அந்தக் கால்களால் நடந்தார். முடியாத போது கட்டை வண்டியில் போனார். ஊர் வந்ததும் இறங்கிப் பேசினார். பேசி முடித்து அடுத்த ஊருக்குக் கிளம்பினார்.

நோயாளி என்று ஒதுங்கினவர்கள் உண்டு. சோறு போட்டு உபசரித்தவர்களும் உண்டு. அவர்கள் வீட்டுத் திண்ணைகளில்தான் அவர் இரவில் தங்கினார்.

பாப்பாரப்பட்டி

தர்மபுரிக்குப் பக்கத்தில் பாப்பாரப்பட்டி என்று ஓர் ஊர். அன்று அது சேலம் ஜில்லா. அங்கே நண்பர்கள் உதவியோடு நிலம் வாங்கினார் சிவா. அதற்குப் பாரதபுரம் என்று பெயர் வைத்தார். பாரத மாதாவுக்கு ஒரு கோவில் கட்ட வேண்டும் என்பது அவர் கனவு. எந்தச் சாதிக்காரரும் எந்த மதத்தாரும் உள்ளே வரலாம் என்ற கோவில்.

1923 ஜூன் 23-ந் தேதி வங்கத் தலைவர் சித்தரஞ்சன் தாஸ் வந்து அடிக்கல் நாட்டினார்.

கோவில் கட்டப் பணம் வேண்டும். பணம் சேர்க்க ஊர் ஊராகப் போக வேண்டும். ரயில் இல்லை. திரும்பவும் கால் நடைதான், கட்டை வண்டிதான்!

1925 ஜூலை 23-ந் தேதி பாப்பாரப்பட்டியில் சிவா கண்ணை மூடினார். 41 வயது நிறையவில்லை.

அவர் நினைத்த கோவில் அவர் காலத்தில் எழும்பவில்லை. ஏறத்தாழ நூறு ஆண்டுகள் கழித்துத்தான் அங்கே பாரத மாதா நினைவாலயம் எழுந்தது. சிவாவுக்கும் அங்கே நினைவு மண்டபம் இருக்கிறது.

வ.உ.சி. பிற்காலத்தில் கோவில்பட்டியில் வக்கீல் தொழில் செய்தார். 1936 நவம்பர் 18-ந் தேதி தூத்துக்குடியில் காலமானார்.

மருந்து வந்தது

சிவா மறைந்து 16 ஆண்டுகளுக்குப் பிறகு, 1941-ல் அமெரிக்காவில் ஒரு நல்ல செய்தி பிறந்தது. சல்போன் என்ற மருந்து வகை தொழு நோய்க் கிருமியை அடக்குகிறது என்று டாக்டர்கள் கண்டார்கள்.

சில ஆண்டுகளில் அந்த மருந்து தமிழ்நாட்டுக்கும் வந்தது. செங்கல்பட்டுத் தொழு நோய் ஆஸ்பத்திரியில் டாக்டர் ராபர்ட் காக்ரேன் டாப்சோன் மருந்தைப் பயன்படுத்திப் பார்த்தார். வேலூரில் டாக்டர் பால் பிராண்ட் மடங்கிப் போன விரல்களை ஆபரேஷன் செய்து நிமிர்த்தினார். பிச்சை எடுத்த கை மறுபடியும் கரண்டி பிடித்தது, பேனா பிடித்தது.

ஆனால் கிருமி சளைத்ததா? டாப்சோனை எதிர்த்து வாழக் கற்றுக் கொண்டது. ஒரு மருந்தை மட்டும் கொடுத்தால் அதைத் தாங்கும் கிருமிகள் மிஞ்சி, பெருகிவிடும்.

அதனால் 1981-ல் உலக சுகாதார நிறுவனம் புது முறையைச் சொன்னது. பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்க வேண்டும். ரிபாம்பிசின், டாப்சோன், கிளோபாசிமின் என்று மூன்று. ஒன்றுக்குத் தப்பும் கிருமி மற்றொன்றிடம் மாட்டிக் கொள்ளும்!

தேமல் ஐந்துக்குள் இருந்தால் ஆறு மாதம். அதற்கு மேல் இருந்தால் ஒரு வருஷம். மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டால் நோய் தீர்ந்தது. மருந்து தொடங்கிய சில நாட்களிலேயே அடுத்தவருக்குப் பரவுவதும் நின்று விடுகிறது. ஆஸ்பத்திரியில் கிடக்க வேண்டாம். குடும்பத்தை விட்டுப் போக வேண்டாம். சர்க்கார் ஆஸ்பத்திரியில் மாத்திரை இலவசம்.

சிவாவுக்கு இருபதுகளில் வந்த நோய், இன்று ஓர் இளைஞருக்கு வந்தால் அடுத்த வருஷமே குணமாகும்.

நோய் அடியோடு ஒழிந்து விட்டதா? இல்லை. 2023-ம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவர்களுக்குப் புதிதாகக் கண்டு பிடிக்கப்பட்டது. உலகில் புதிதாக நோய் வருகிறவர்களில் பாதிப் பேருக்கு மேல் நம் நாட்டவர்தான்.

மெழுகுச் சட்டைக் கிருமிகள்

இந்தக் கிருமிக்கு ஒரு பெரிய குடும்பம் உண்டு. அந்தக் குடும்பத்துக்கு மைக்கோபாக்டீரியா என்று பெயர். ஏறத்தாழ 200 வகைகள்.

எல்லாக் கிருமிக்கும் மெழுகு போன்ற சட்டை. சிவப்புச் சாயம் ஏற்றினால் அமிலம் விட்டுக் கழுவினாலும் சாயம் போகாது. கெட்டிச் சாயச் சேலை மாதிரி! மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் சின்னச் சின்னச் சிவப்புக் குச்சிகளாகத் தெரியும்.

குடும்பத்தில் இரண்டு பேர் பெரிய கொடியவர்கள். ஒன்று தொழு நோய்க் கிருமி. மற்றொன்று காச நோய்க் கிருமி. அதை 1882-ல் ஜெர்மன் டாக்டர் ராபர்ட் காக் கண்டு பிடித்தார்.

மீதி வகைகள் மண்ணிலும் தண்ணீரிலும் வாழ்கின்றன. வயல் மண்ணில் இருக்கும். குழாய்த் தண்ணீரில் இருக்கும். நாம் தினமும் அவற்றை மூச்சில் இழுக்கிறோம். பெரும்பாலோருக்கு ஒன்றும் செய்வதில்லை.

ஆனால் சிலருடைய நுரையீரல் முன்பே கெட்டிருக்கும். பழைய காச நோய் ஆறின தழும்பு இருக்கும். பீடி, சுருட்டுப் புகையில் நைந்திருக்கும். அப்படிப்பட்ட இடத்தில் இந்த மண் கிருமி குடியேறி விடும்.

பிறகு என்ன ஆகும்? விடாத இருமல். சளி. மெல்லிய காய்ச்சல். உடம்பு இளைப்பு. சில சமயம் ரத்தம். எக்ஸ்ரே எடுத்தால் காச நோய் மாதிரியே தெரியும். சளியில் சாயம் ஏற்றிப் பார்த்தாலும் அதே சிவப்புக் குச்சி!

காசம் என்று எண்ணி மாத்திரை கொடுப்பார்கள். சிலருக்குக் குணமே தெரியாது. நோயாளி மனம் உடைவார். மாத்திரை சரியில்லை என்று வீட்டார் நினைப்பார்கள். உள்ளே இருப்பது வேறு கிருமி என்று யாருக்குத் தோன்றும்?

டாக்டர்கள் இதைக் காச நோய் சாராத மைக்கோபாக்டீரியா நோய் என்கிறார்கள். காசத்தைப் போல இது அதிகம் பேருக்கு வருவதில்லை. ஆளுக்கு ஆள் பரவுவதும் பெரும்பாலும் இல்லை.

கண்டு பிடிப்பது எப்படி?

சிபிநாட், ட்ரூநாட் என்று இன்று சோதனைகள் உள்ளன. சளியில் காசக் கிருமியின் மரபுப் பொருள் இருக்கிறதா என்று சில மணி நேரத்தில் அவை சொல்லி விடும். சளியில் சிவப்புக் குச்சி இருக்கிறது, ஆனால் சோதனை காசம் இல்லை என்கிறது. அப்படியானால் டாக்டருக்குச் சந்தேகம் வர வேண்டும்.

அடுத்து சளியைப் பரிசோதனைச் சாலையில் வைத்துக் கிருமியை வளர்ப்பார்கள். சில வகை ஒரு வாரத்தில் வளரும். சில வகைக்குப் பல வாரம் ஆகும். வளர்ந்த பிறகு அது இன்ன வகை என்று பெயர் கண்டு பிடிப்பார்கள்.

ஒரு தடவை வளர்ந்தால் போதாது. தண்ணீரில் இருந்த கிருமி சளிக் குப்பியில் கலந்திருக்கலாம் அல்லவா? அதனால் வெவ்வேறு சமயத்தில் எடுத்த இரண்டு சளியிலும் அதே கிருமி தெரிய வேண்டும். எக்ஸ்ரே அல்லது ஸ்கேனும், நோயாளியின் தொல்லையும் அதற்குப் பொருந்த வேண்டும். அப்புறம்தான் முடிவு.

மருந்தும் வகைக்கு வகை மாறும். அதிகமாகக் காணப்படும் ஒரு வகைக்கு அசித்ரோமைசின், ரிபாம்பிசின், எதாம்பியூட்டால் என்று மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கிறார்கள். சளியில் கிருமி இல்லை என்று தெரிந்த பிறகும் ஒரு வருஷம் விடாமல் சாப்பிட வேண்டும். நடுவில் நிறுத்தினால் பழைய கதைதான்.

அடங்காத வகையும் உண்டு. அதற்குக் கொடுக்கும் மருந்துகளில் ஒன்று கிளோபாசிமின். ஆம், தொழு நோய்க்குக் கொடுக்கும் அதே மருந்துதான்!

அந்த மருந்தின் கதை வேடிக்கையானது. 1950-களில் அயர்லாந்து நாட்டில் காச நோய்க்காகச் செய்தார்கள். அன்று காசத்துக்குப் பயன்படவில்லை. தொழு நோய்க்குப் பயன்பட்டது. இப்போது சாதாரண மருந்துக்குப் பணியாத காசத்துக்கும், மண் கிருமி நோய்க்கும் அதைக் கொடுக்கிறார்கள். சாப்பிடுகிறவரின் தோல் கொஞ்சம் கறுக்கும். மருந்தை நிறுத்திய பிறகு மெல்ல மெல்ல நிறம் திரும்பும்.

ஒரு குடும்பத்துக் கிருமிகள். அண்ணனுக்குச் செய்த ஆயுதம் தம்பியையும் வீழ்த்துகிறது.

நாம் செய்ய வேண்டியது

சிவாவின் விரோதி கிருமி மட்டுமா? காலம் கடந்து நோய் தெரிந்தது. தெரிந்த பிறகு மருந்து இல்லை. மருந்து இல்லாததால் பயம். பயத்தினால் தடை.

இன்று மருந்து இருக்கிறது. சோதனை இருக்கிறது. முன்னதாகக் கண்டு பிடித்தால் விரலும் போகாது, நுரையீரலும் போகாது.

உணர்ச்சி இல்லாத தேமல் உடம்பில் எங்கே இருந்தாலும் உடனே சர்க்கார் ஆஸ்பத்திரியில் காட்ட வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் சளியைச் சோதிக்க வேண்டும். காச மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டும் குணம் தெரியவில்லை என்றால், தாமாக நிறுத்தி விடாமல், உள்ளே இருப்பது எந்தக் கிருமி என்று டாக்டரிடம் கேட்க வேண்டும். கேட்பதில் வெட்கம் இல்லை.

இவ்வளவும் செய்ய நோயாளிக்குத் தைரியம் வேண்டும். அந்தத் தைரியத்தை யார் கொடுப்பது? பக்கத்தில் இருப்பவர்கள்தான். வீட்டில் இருப்பவர்கள் முகம் சுளித்தால் நோயாளி நோயை மறைப்பார். மறைத்தால் நோய் வளரும்.

ஓட்டப்பிடாரத்துக்காரர் தம்மைத் தேடி வந்த ஓர் ஏழை இளைஞருக்கு வீட்டில் இடம் கொடுத்தார். அதற்காக 20 வருஷத் தண்டனை விதித்த போதும் அவரைக் கை விடவில்லை. இன்று நோயாளிக்கு வீட்டில் இடம் கொடுத்தால் யாரும் தண்டிக்கப் போவதில்லை.

கரிசல் காட்டுப் பக்கம் போகிறவர்கள் ஓட்டப்பிடாரத்து வீட்டை ஒரு முறை பார்த்து வர வேண்டும். குழந்தைகளையும் அழைத்துப் போக வேண்டும். கப்பல் கதையைச் சொல்லும் போது, ரயிலில் இடம் கிடைக்காமல் புண் பட்ட காலோடு நடந்த நண்பரின் கதையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.